வலி தெரிகிற கை

பிசியோதெரபிப் பெண் வீட்டுக்காரருடைய இடது சட்டைக்கையைச் சுருட்டப் போனபோது டெய்லரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சியெல்லாம் எப்போதும் வலது கைக்கும் வலது காலுக்கும்தான். பக்கவாதம் அடித்தது அந்தப் பக்கம். இடது பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவள் இத்தனை நாள் இருந்தாள்.

"அந்தக் கை நல்லாத்தானேம்மா இருக்கு. அதை எதுக்குப் போட்டு..."

"நல்ல கையையும் கொஞ்சம் வேலை வாங்கணும்மா. விட்டா அதுவும் சோம்பேறியாயிடும்," என்று சிரித்துக்கொண்டே சுருட்டியவளின் சிரிப்பு பாதியில் நின்றது.

மேற்கையின் உட்புறத்தில், சட்டை மறைக்கிற இடமாகப் பார்த்து, ஆறேழு தடங்கள். இரண்டு புத்தம்புதிய நீலம். மற்றவை பழசாகி மஞ்சள் பூத்தவை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அகலம்.

"இதென்னம்மா?"

"கட்டில் கம்பியில இடிச்சுக்கிறாரு. தூக்கத்துல கையை வீசுவாரு."

"உள்பக்கமா இடிக்குது?"

டெய்லரம்மா தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தாள். அந்தப் பெண் ஒரு நீலத்தின்மேல் விரலை வைத்து லேசாக அழுத்தினாள். அவர் முகம் சுளித்தார்.

"வலிக்குதா சார்?"

"சரி," என்றார் அவர்.

அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொல் அதுதான். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். உயிர் திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. பசித்தால் 'சரி'. படுக்கை நனைந்தால் 'சரி'. பார்க்க வருகிறவர்கள் கண் கலங்கி நின்றால் அவர்களுக்கும் ஒரு 'சரி'. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், "இவரை மாதிரி ஒத்துப்போற பேஷண்டை நான் பார்த்ததே இல்ல," என்று வேடிக்கை சொன்னபோது அதற்கும் 'சரி' என்றுதான் சொன்னார்.

பயிற்சி முடிந்தது. எப்போதும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற பெண், செருப்பை மாட்டிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை வர்றேம்மா," என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

டெய்லரம்மா கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

ஆஸ்பத்திரி துணிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகத் தையல்காரி அவள். கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப் போடுவது, அறுவைச் சிகிச்சை அங்கிக்கு நாடா வைப்பது, தலையணை உறைகளை ஓரம் அடிப்பது. காலை ஏழிலிருந்து ஒரு மணிவரை வேலை. அதுவரை எதிர்வீட்டுக்காரம்மா அவருக்குத் துணையிருப்பாள். தையலைவிட அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது ஜெபம். நர்சுகள் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக்கொண்டு வந்து அவள் மிஷினுக்கு அடியில் செருகிவிட்டுப் போவார்கள். பரீட்சை, பிரசவம், குடிக்கிற தம்பி. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பெயரையும் கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் சீட்டைக் கிழிப்பாள். ஒன்றையும் அவள் சும்மா கிழித்ததில்லை.

வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் 'தாளம் சார்' என்று பெயர். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறபோதும் விரல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். சபையில் முப்பத்தொரு வருடம் பாடகர் குழுவை நடத்தியவர். கல்யாணமான இரண்டாம் வருடம் அவளும் ஆசைப்பட்டுக் குழுவில் சேர்ந்தாள். ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பிறகு இருபத்தெட்டு வருடம் வாயை மட்டும் அசைத்தாள். பிள்ளைகள் இல்லை. ஆனால் அதைச் சொல்லிக் குத்திக்காட்டியதும் இல்லை, ஒரு நாளும் கை ஓங்கியதும் இல்லை அந்த மனுஷன். இதைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வாள். அவர் கை ஓங்கியிருந்தால்கூடப் பதிலுக்குப் பதில் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஆரம்பித்தது சாப்பாட்டில். அவருக்கு எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை நெஞ்சோடு குனியவைத்து, அரை ஸ்பூன், விழுங்கியாச்சா என்று தொண்டையைப் பார்த்து, அப்புறம் அடுத்த அரை ஸ்பூன். வலது கன்னத்தில் உணர்வில்லாததால் அங்கே சாப்பாடு அடைத்துக்கொள்ளும். விரலை விட்டு வழித்தெடுக்க வேண்டும். சில நேரம் கடித்துவிடுவார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆறு மணி நேரம் மிஷின் மிதித்துவிட்டு வந்த காலோடு அதைச் செய்வாள். ஒரு நாள், கடைசி ஸ்பூன் என்று நினைத்தபோது, அதுவரை கன்னத்தில் சேர்த்து வைத்திருந்தது அத்தனையையும் அவள்மேல் துப்பினார். அவள் கை தானாகப் போய் அவருடைய வலது கையைக் கிள்ளியது.

உணர்ச்சி இல்லாத கைதானே, அவருக்கு ஒன்றும் தெரியாதே என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு மாதம் அந்தக் கையோடு போயிற்று. பிறகு ஒரு நாள் அவள் கிள்ள, அவர் அதை அறியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குள் ஏதோ ஒன்று அவர் அதை அறிய வேண்டும் என்று கேட்டது. இடது கைக்கு மாறியது அன்றைக்குத்தான். அந்த நினைப்பு வந்த நொடியை அவளால் மறக்க முடியவில்லை. கோபத்தில் செய்தேன் என்று வேறு எதைச் சொன்னாலும், அதைச் சொல்ல முடியாது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துபோய்ச் செய்திருந்தாள்.

ஒவ்வொரு முறையும் முழங்காலில் விழுந்து அழுவாள். "ஆண்டவரே, இதுதான் கடைசி." சமையலறைக் காலண்டரில் கை வைக்காத நாளுக்கெல்லாம் பென்சிலால் ஒரு சிலுவை போட்டாள். அதிகபட்சம் ஒன்பது சிலுவை வரிசையாக வந்தது. பத்தாம் நாள் பழைய கதை. உபவாசம் இருந்து உடலை ஒடுக்கினால் சரியாகும் என்று வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். வெள்ளிக்கிழமைகளில்தான் கை முன்னைவிட வேகமாக நீண்டது. காலி வயிற்றோடு இன்னொருவர் வாயில் ஒன்றேகால் மணி நேரம் ஊட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கண்டுபிடித்தாள். புதன்கிழமை சாயங்காலம் போதகர் வந்தார். அவருடைய பெரிய மனசு எல்லாருக்கும் தெரியும். மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் மாதம் ஒரு தரம் தாளம் சாரைப் பார்க்க வந்துவிடுவார். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தவர் சொன்னார்:

"சிஸ்டர், பெண்கள் ஐக்கியத்தோட ஆண்டுவிழா வருது. பொறுமையைப் பத்தி யாராவது மேடையேறி சாட்சி சொல்லணும்னு கேட்டாங்க. எனக்கு உங்களைத் தவிர வேற பேரே ஞாபகம் வரல."

"நான் வேண்டாம் ஐயா."

"இந்தத் தாழ்மைதான் சிஸ்டர் எனக்குப் பிடிச்சது."

அவர் போன பிறகு அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அறையில் கணவர் இருமினார். எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தும் எழ முடியவில்லை. பொறுமையாம். சாட்சியாம். அந்த மேடையில் ஏறி நின்றால் வாயில் புழு விழும் என்று தோன்றியது.

மறுநாள் வேலை முடிந்ததும் போனில் எதிர்வீட்டுக்காரம்மாவை இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லிவிட்டு நேராகப் போதகரின் அலுவலக அறைக்குப் போனாள். மேசையில் ஆண்டுவிழா அழைப்பிதழ்கள் அச்சாகி வந்திருந்தன. மேல்தாளில் அவள் பெயர் இருந்தது.

"ஐயா, நான் அவரை அடிக்கிறேன்."

போதகர் பேனாவை மூடினார். "உக்காருங்க சிஸ்டர். களைப்பு. யாருக்கா இருந்தாலும் ஒரு தடவை கோபம் வந்து..."

"ஒரு தடவை இல்ல."

"சரி, ரெண்டு தடவை..."

"ஒரு வருஷமா ஐயா. கிள்ளுறேன். காயம் வெளியில தெரியாத இடமாப் பார்த்துக் கிள்ளுறேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மின்விசிறியைப் பார்த்தார், அழைப்பிதழைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி ஜெபித்தார். பாரம் சுமக்கிற இந்த மகளைத் தேற்றும் ஆண்டவரே என்று தொடங்கி, மன்னித்தீர் அதற்காக ஸ்தோத்திரம் என்று முடித்தார். எல்லாம் நாலு நிமிடத்துக்குள். "போய்ட்டு வாங்க. கர்த்தர் மன்னிச்சிட்டார். இதை வெளியில யார்கிட்டயும் பேச வேண்டாம், சபைக்கு நல்லதில்ல. சாட்சியை மட்டும் தள்ளிப்போட்டுக்கலாம்."

குறை சொல்லக் கூடாது, வெளியே வந்தபோது அவளுக்கு உடம்பு பஞ்சாக இருந்தது. சொல்லிவிட்டாள். ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டாள். வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, எதிர்வீட்டுக்காரம்மாவை அனுப்பிவிட்டு, சாப்பாட்டை மசித்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, "இன்னைக்கு மெதுவாச் சாப்பிடலாம், எனக்கு ஒரு அவசரமும் இல்ல," என்று சொல்லவும் செய்தாள்.

மூன்றாவது ஸ்பூனில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

கெஞ்சினாள். கன்னத்தைத் தடவினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்ததா, பிடிவாதம் இருந்ததா, பழைய ஒத்திகைப் பார்வையா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஸ்பூனை உள்ளே தள்ளினாள். முழு பலத்தோடு தள்ளினாள். ஏதோ நறுக்கென்றது. அவர் கீழுதடு பிளந்து இரத்தம் தாடையில் வழிந்து, மசித்த சாப்பாட்டோடு கலந்து, அவள் தைத்த துண்டில் இறங்கியது.

"சரி," என்றார். "சரி, சரி, சரி."

ஸ்பூன் கீழே விழுந்தது. பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவை அடைந்து, வெளியே வந்து, தெருவில் இறங்கி நடந்தாள். நடக்கிறோம் என்பதே பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. காலில் செருப்பில்லை. நிழற்குடையில் உட்கார்ந்தாள். பேருந்துகள் வந்தன, போயின. மன்னிப்பு கிடைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் செய்தது இது. ஜெபிக்க வாயெடுத்தாள், ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை பேருடைய பெயரைச் சொன்ன வாய். மேலே கேட்கிறவர் ஒருவர் இருந்தால், இனிமேல் இவள் குரலைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வார் என்று நினைத்தாள். வருகிற பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து இன்னொன்றில் ஏறி, திரும்பாமலே போய்விடலாம். இல்லையென்றால் ஏறாமல் அதற்கு முன்னால் போய் நிற்கலாம். இரண்டும் ஒன்றுபோலவே சுலபமாகத் தெரிந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அப்போதுதான் அவர் தனியாக இருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தபடி, வாயில் இரத்தத்தோடு. புரையேறினால் நெஞ்சைத் தட்டக்கூட ஆளில்லை.

எழுந்து ஓடினாள். ஓடிக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பிசியோதெரபிப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ பார்த்தது நான் செஞ்சதுதான். இப்ப உதட்டைக் கிழிச்சிட்டேன். வா. எனக்கு அவரைத் தொடப் பயமா இருக்கு."

"வீட்டுக்குப் போயி அவர் தலையை முன்னால குனிய வச்சுப் பிடிச்சுக்கோங்க. எதையும் ஊட்டாதீங்க. பத்து நிமிஷத்துல வர்றேன்."

வந்தாள். வாயைச் சுத்தம் செய்தாள். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. உதட்டுக்கு மூன்று தையல் தேவைப்பட்டது. டெய்லரம்மா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவில், டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது பிசியோதெரபிப் பெண் டெய்லரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதும் அவளே சொல்லட்டும் என்று விட்டதுபோல் இருந்தது.

"நான்தான் டாக்டர்," என்றாள் டெய்லரம்மா. திரைக்கு அந்தப்பக்கம் இருந்த நர்ஸ், போன வாரம் சீட்டு கொடுத்தவள், எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அந்தப் பெண் சொன்னாள்:

"நாளைக்கு சமூக நலத்துறைக்கு எழுதிக் கொடுக்கிறதாத்தான் இருந்தேம்மா. ரெண்டு நாளா தூங்கல."

"எழுதும்மா. இன்னைக்கே எழுது."

"எழுதினா விசாரிக்க வருவாங்க. அவரை உங்ககூட விட மாட்டாங்க."

"விடக் கூடாதும்மா."

டெய்லரம்மா அழுதாள். எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன், எத்தனை முறை முழங்கால் தேய விழுந்தேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

"யார்கிட்டம்மா கேட்டீங்க?"

"ஆண்டவர்கிட்ட."

"சார்கிட்ட?"

டெய்லரம்மாவின் அழுகை நின்றது. அந்தப் பெண் குத்திக்காட்டுகிற மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் டெய்லரம்மாவுக்கு முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்ததுபோல் இருந்தது. ஒரு வருடமாக அவரைக் கிள்ளிவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். வலித்தவர் இந்தப் பக்கம் படுத்திருந்தார்.

அவருடைய அக்காவுக்குப் போன் செய்தாள். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் மகன் குடும்பத்தோடு இருப்பவள், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண்மணி.

"அண்ணி, உங்க தம்பியை நான் அடிக்கிறேன். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

"என்ன உளர்றே?"

"உளறல. ஆஸ்பத்திரியில இருக்கோம். உதடு கிழிஞ்சிருக்கு. நான்தான் கிழிச்சேன்."

அண்ணி இரவுக்குள் வந்து சேர்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். டெய்லரம்மாவை அறைவாள் என்றுதான் பிசியோதெரபிப் பெண்ணே நினைத்தாள். அண்ணி அறையவில்லை. "பதினாலு மாசம் நானும் போன்ல 'எப்படி இருக்கான்'னு மட்டும்தானே கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, அதற்காக உடனே தன்மேலேயே கோபப்பட்டவள்போல், "அதுக்காக உன்னை விட்டுட்டேன்னு நினைக்காதே. என் கண்ணு முன்னால நிக்காதே இப்ப," என்றாள்.

மறுநாள் அண்ணி வீட்டுக்குப் போகிற ஆம்புலன்சில் அவரை ஏற்றுவதற்கு முன்னால் டெய்லரம்மா கட்டிலருகே போனாள். இடது பக்கமாகப் போனாள். தொடவில்லை.

"நான் உங்களை அடிச்சேன். நீங்க சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே அடிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்கிற மனிதர். ஊசி போட வந்தவருக்கும் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார். அவள் காத்திருந்தாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

சமூக நலத்துறையிலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கையெழுத்துப் போட்டாள். கணவரோடு அவள் தனியாக இருக்கக் கூடாது, வேறொருவர் இருக்கும்போது பார்க்கலாம், மனநல ஆலோசகரிடம் வாரா வாரம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. துணிப் பிரிவில் வேலை போகவில்லை, ஆனால் மிஷினுக்கு அடியில் சீட்டுகள் வருவது நின்றது. கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. போதகர் ஒரு நாள் வாசலில் நிறுத்தி, "அன்னைக்கு நான் இன்னும் கேட்டிருக்கணும் சிஸ்டர்," என்றார். அவள் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை உபவாசத்தை ஆலோசகர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். காலண்டரை எடுத்துக் குப்பையில் போட்டாள். விடியற்காலையில் பழக்கம் முழங்காலை மடக்கியது. ஆனால் நீட்டி முழக்கிக் கேட்கிற ஜெபமெல்லாம் எங்கோ போய்விட்டது. இன்ன தேதி இன்னதைச் செய்தேன் என்று ஒன்றை மட்டும், அழகுபடுத்தாமல், காரணம் சேர்க்காமல் சொல்லுவாள். மறுநாள் அடுத்ததை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. கேட்கிறவர் கேட்கிறாரா என்று தெரியாமலேதான் சொன்னாள். சில காலைகளில் பாதியில் எழுந்துவிடுவாள். அப்படி எழுந்த நாட்களில் வேலைக்குப் போகிற வழியெல்லாம் நெஞ்சு வற்றிக் கிடக்கும்.

சனிக்கிழமைகளில் அண்ணி வீட்டுக்குப் போனாள். முதல் வாரம் அண்ணி கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். அவர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். சட்டைக்கை முழங்கைவரை மடித்து விடப்பட்டிருந்தது. தோல் சுத்தமாக இருந்தது. அவளைக் கண்டதும் அந்தக் கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு அவள் அறையின் மறுகோடியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள். இரண்டாம் வாரமும் அப்படித்தான். மூன்றாம் வாரமும்.

நாலாம் வாரம் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அண்ணி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு அடம் பிடிக்க, அண்ணியின் நெற்றி நரம்பு புடைக்க ஆரம்பித்ததை டெய்லரம்மா பார்த்தாள். அந்த நரம்பு அவளுக்குத் தெரியும்.

"அண்ணி," என்றாள் இருந்த இடத்திலிருந்தே. "கிண்ணத்தைக் கீழ வைங்க. வெளியில போயி ஒரு நடை நடந்துட்டு வாங்க. சாப்பாடு ஆறினா ஆறட்டும்."

அண்ணி திரும்பி முறைத்தாள். "நீ எனக்குச் சொல்றியா?"

"நான்தான் அண்ணி சொல்லணும்."

அண்ணி கிண்ணத்தை ஓங்கி வைத்தாள். சமையலறையிலிருந்த மருமகளைக் கூப்பிட்டு, "இங்க வந்து உக்காரு," என்று அவருக்குத் துணை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வெளியே அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. உள்ளே மருமகள் அவர் அருகில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லரம்மா தன் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் சாப்பாடு ஆறி, மேலே ஏடு கட்டியது.

கால்மணி கழித்து அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அடுப்புல சூடு பண்ணிக் கொண்டா," என்று டெய்லரம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவு நாளில் அவளிடம் சொன்ன முதல் வேலை.

டெய்லரம்மா எழுந்து, அவர் பக்கம் போகாமல் மேசையைச் சுற்றி வந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.